தறி தந்த வாழ்வு: எதெல் மைரே அம்மையார் (1872–1952)

எமது கல்லூரிக்கு நூறு வயதாகும் இவ்வேளையில், இந்த மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவியராகிய நாம் உலகெங்கும் பரந்து வாழ்கிறோம். படிக்கப் போனவர்கள் உண்டு. போரினால் போனவர்கள் உண்டு. கலியாணம் முடித்து, கணவர் இருக்கும் நாட்டுக்குப் போனவர்கள் மிகப் பலர். ஒரு பெட்டிக்குள் கூறைச்சீலை, மற்றப் பெட்டிக்குள் சான்றிதழ்கள். விமான நிலையத்தில் எம்மை எதிர்பார்த்து ஒருவர் நின்றார். எமக்கென்று ஒரு வேலை அங்கே காத்து நிற்கவில்லை. போன முதற் குளிர்காலத்தில் யன்னலருகே இருந்து, இனி நான் இங்கே யார் என்று தன்னைத்தானே கேட்டுப் பார்க்காத பிள்ளை எம்மில் குறைவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆங்கிலப் பெண் இதே காரணத்துக்காக எதிர்த்திசையில் பயணம் செய்து எமது தீவுக்கு வந்து சேர்ந்தார். கணவரின் உத்தியோகத்துக்காக வந்தவர், நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிப் போனார். போன சில காலத்தில் அந்தத் திருமணமும் முடிந்துபோயிற்று. ஆனால் இங்கே கண்டுகொண்ட ஒரு தொழில் அவருடைய வாழ்நாள் முழுவதும் அவருடனேயே இருந்தது. நவீன காலத்து ஆங்கிலக் கைத்தறி நெசவுக்குத் தாய் போன்றவர் என்று அந்நாட்டவர் அவரைப் போற்றுகின்றனர். இலங்கையிலோ, கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் முதல் மனைவி என்ற ஒற்றை வரிக்கு மேல் அவரை அறிந்தவர்கள் சிலரே. அந்த அம்மையாரின் வாழ்க்கையை எமது மாணவியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிறந்த ஊர்

எதெல் மேரி பாட்றிட்ஜ் 1872ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்திலுள்ள பார்ன்ஸ்ரபிள் என்ற சிறு பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் மருந்து விற்பன்னர். வசதிக்குக் குறைவில்லாத, ஆனால் பெருஞ்செல்வம் இல்லாத குடும்பம். அக்காலத்தில் அப்படியான வீட்டுப் பெண் பிள்ளை படித்தால் ஆசிரியை ஆகலாம். அல்லது வசதியுள்ள வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுக்கலாம். எதெல் பியானோ கற்று, அதைக் கற்பிக்கும் தகைமையும் பெற்றார். இலண்டனிலும், பின் ஜேர்மனியின் பொன் நகரிலும் வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்தார். முப்பது வயதுவரை அவர் தறியைத் தொட்டவரல்லர்.

அவருடைய தம்பி பிரெட் நகை செய்பவர். சி. ஆர். அஷ்பீ என்ற கட்டடக் கலைஞர் நடத்திய கைவினைஞர் சங்கத்தில் அவர் சேர்ந்திருந்தார். ஆலைகள் பெருகி, கைத்தொழிலாளன் வெறுங்கூலியாகிவிட்ட காலம் அது. ஜோன் றஸ்கின், வில்லியம் மொறிஸ் ஆகியோரின் சிந்தனையைப் பின்பற்றிய சிலர், மனிதன் தன் கையால் ஒரு பொருளை முழுமையாகச் செய்து முடிப்பதில்தான் அவனுடைய மதிப்பு இருக்கிறது என்று கருதினர். அஷ்பீயின் சங்கம் 1902இல் இலண்டனை விட்டுச் சிப்பிங் கம்டன் என்ற கிராமப் பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தது. எதெல் பின்னாளில் செய்தவற்றுக்கான விதையில் ஒரு பாதி இந்தக் கூட்டத்தாரிடமிருந்து வந்தது. மறுபாதி எமது தீவில் அவருக்குக் கிடைத்தது.

குமாரசுவாமி குடும்பத்து மருமகள்

1902ஆம் ஆண்டு எதெல், தன்னைவிட ஐந்து வயது இளையவரான ஆனந்த குமாரசுவாமியைக் கைப்பிடித்தார். மாப்பிள்ளையின் குடும்பத்தை எமது வாசகர்களுக்கு நீட்டி அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனந்தரின் தந்தை சேர் முத்து குமாரசுவாமி, சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் தாய்மாமன். ஆகவே அவ்விருவரும் எதெலின் கணவருக்கு மச்சான் முறை.

இந்த வீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த முதல் மருமகள் எதெல் அல்லர். அவருடைய மாமியாரான எலிசபெத் பீபியும் கெண்ட் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலப் பெண்தான். சேர் முத்துவை மணந்து கொழும்புக்கு வந்து, 1877இல் ஆனந்தரைப் பெற்றெடுத்தார். பிறகு கைக்குழந்தையுடன் இங்கிலாந்துக்குப் போனார். பின்னாலே வரவிருந்த கணவர் 1879இல் காலமானார். இளம் விதவையாக அங்கேயே தங்கி மகனை வளர்த்து ஆளாக்கினார். ஆக, காதலுக்காகக் கடல் கடந்தால் என்னென்ன வரலாம் என்பதற்கு எதெலின் புகுந்த வீட்டிலேயே ஓர் உதாரணம் இருந்தது.

ஆனந்தர் அப்போது கலை ஆய்வாளர் அல்லர்; புவிச்சரிதவியலாளர். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு முதலாவது பணிப்பாளராக அவர் நியமிக்கப்பட்டார். 1903 முதல் 1906 வரை அவர் அப்பதவியில் இருந்தார். தோரியனைற்று என்ற கனிப்பொருளை உலகுக்கு அறிமுகப்படுத்திய பெருமையும் அக்காலத்தில் அவருக்குக் கிடைத்தது. கணவருக்கு இவ்வளவு வேலை இருந்தது. மனைவிக்கு அரசாங்கம் தந்த வேலை எதுவும் இல்லை.

கண்டி நாட்டில்

வெள்ளைக்கார உத்தியோகத்தரின் மனைவிக்கு அக்கால இலங்கையில் ஒரு வாழ்க்கை தயாராக இருந்தது. பெரிய பங்களா, சமையலுக்கு ஆள், பின்னேரத்தில் கிளப், வெயிற்காலத்தில் நுவரெலியா. துரைசானியாக இருந்துவிட்டுப் போகலாம். எதெல் அந்த வழியில் போகவில்லை. கல்லையும் மண்ணையும் தேடிக் கணவர் ஊர் ஊராகப் போனபோது தானும் கூடப் போனார். கையில் புகைப்படக் கருவியும் நாட்குறிப்பும் இருந்தன.

மலைநாட்டுக் கிராமங்களில் அவர்கள் கண்டது அழிந்துகொண்டிருந்த ஓர் உலகம். கண்டி இராச்சியத்தில் நெசவாளர், கொல்லர், தச்சர், குயவர், பாய் இழைப்போர் யாவரும் அரசனுக்கோ கோவிலுக்கோ செய்யும் ஊழியத்துக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதே. ஆனால் அதோடு தொழிலாளரைத் தாங்கி நின்ற ஆதரவும் போய்விட்டது. லங்காஷயர் ஆலைத்துணி கடைத்தெருவுக்கு வந்தது. அதன் விலையோடு கைத்தறியால் போட்டி போட முடியவில்லை. சேனையில் பருத்தி விளைவித்து, வீட்டில் நூற்று, ஊர் நெசவாளனிடம் கொடுத்து உடுத்த வழக்கம் அருகிப் போயிற்று.

அப்படியிருந்தும் உடதும்பறைப் பக்கத்துத் தலகுனை போன்ற சில ஊர்களில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நிலத்தில் தோண்டிய குழிக்குள் கால்களை விட்டு, மிதிகளை மாறிமாறி அழுத்தி நெய்யும் குழித்தறி அது. பாவில் இழையை எண்ணி எண்ணி, சிவப்பும் நீலமுமான பூவேலையைத் துணியிலேயே எழுப்புவார்கள். வேறிடங்களில் மரல் நாரைச் சீவி, பதங்கக் கட்டையின் சிவப்பில் தோய்த்துத் தும்பறைப் பாய் இழைத்தார்கள். பெருந்தனக்காரர் வீடுகளில் வெற்றிலைப் பைகள் இருந்தன. ஒரு பை செய்யும் பெண் அதன் ஒவ்வோர் அங்குலத்தையும் ஊசியால் நிரப்பியிருப்பாள். பெரும்பாலும் சங்கிலித் தையல். எமது தையல் வகுப்பில், கைலேஞ்சித் துணியில் முதலில் பழக்கித் தந்தார்களே, அதே சங்கிலித் தையல்தான். நாம் ஒரு மூலையில் ஒரு பூ போட்டுப் புள்ளி வாங்கினோம். அவர்கள் அதிலே தாமரையும் கொடியும் அன்னமும் செய்தார்கள்.

எதெல் இவற்றைப் படம் பிடித்தார், சேகரித்தார், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுக் குறித்தார். தையற்காரியிடம் தையலையும் நெசவாளரிடம் இழையையும் சாயக்காரரிடம் நிறத்தையும் பார்த்துப் பார்த்து அறிந்தார். எந்தக் கல்லூரியிலும் அப்போது இந்தப் பாடம் இல்லை. மஞ்சளும் அவுரியும் பதங்கமும் சாயவேரும் எப்படித் துணியைப் பிடித்து நிற்கின்றன என்பது அந்த மனிதர்களின் கைகளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

சாயவேர் என்ற சொல் எமது பகுதியாருக்குப் புதிதல்ல. மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணலில் தோண்டி எடுத்த அந்த வேருக்காக ஒல்லாந்தர் தனியுரிமை கொண்டாடிய காலமும் இருந்தது. வேரின் சிவப்பை ஆய்வுகூடத்தில் செய்யும் வழியை 1869 அளவில் ஐரோப்பிய இரசாயனவியலாளர் கண்டுபிடித்தபின் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அதற்கு முன், 1856இல் வில்லியம் பேர்கின் என்ற இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தை எடுத்திருந்தார். மலிவான அந்தப் புதுச் சாயங்கள் உலகெங்குமுள்ள சாயக்காரரின் அடுப்பை அணைத்துக்கொண்டு வந்தன. எதெல் இலங்கைக்கு வந்தது அந்த அடுப்புகளில் கடைசிச் சிலவும் அணையும் தறுவாயில்.

1905–06 காலத்தில் ஆனந்தர் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். மேல்நாட்டாரைப் பார்த்து நடை உடை பாவனைகளைக் கண்மூடித்தனமாக மாற்றிக்கொள்வதை அச்சங்கம் எதிர்த்தது. சங்கத்தார் வெளியிட்ட ஆங்கிலச் சஞ்சிகையில் பழைய சிங்களத் தையல்வேலை பற்றி எதெலும் கட்டுரை எழுதினார். துணியைப் பற்றி அவர் எழுதத் தொடங்கியது இந்த மண்ணில்தான்.

புத்தகமும் பிரிவும்

1907இல் இருவரும் இங்கிலாந்துக்குத் திரும்பினர். சிப்பிங் கம்டனுக்கு அருகே புறோட் கம்டனில், நோர்மன் காலத்துப் பழைய சிற்றாலயம் ஒன்றை அஷ்பீ அவர்களுக்கு வீடாகத் திருத்திக் கொடுத்தார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரம் ஆனந்தரின் பொறுப்புக்கு வந்தது. இலங்கையில் திரட்டிய யாவும் அந்த இயந்திரத்தில் மத்தியகாலச் சிங்களக் கலை என்ற பெருநூலாயிற்று. அச்சு வேலை 1907 செப்ரெம்பரில் தொடங்கி 1908 டிசெம்பரில் முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள்.

இலங்கையின் கைவினை பற்றி இன்றுவரை யார் ஆராய்ந்தாலும் அந்த நூலில்தான் தொடங்கவேண்டும். அதிலுள்ள புகைப்படங்களில் பெரும்பாலானவை எதெல் எடுத்தவை. தறியில் இருந்தவரையும் பானை வனைந்தவரையும் பிற்காலத்தார் காணக்கூடியதாக இருப்பது அவருடைய கண்ணால். நூலின் முகப்பிலே ஒரு பெயர்தான் உண்டு, அது கணவருடையது. அக்காலத்து வழக்கம் அப்படி. எக்காலத்திலும் பல வீடுகளின் வழக்கமும் அப்படித்தான்.

நூல் வெளிவந்து சில ஆண்டுகளுக்குள் திருமணம் குலைந்தது. ஆனந்தரின் மனம் இந்தியாவின் பக்கமும், இன்னொரு பெண்ணின் பக்கமும் சென்றது. 1910ஐ அடுத்து இருவரும் பிரிந்தனர். ஆனந்தர் பின்பு 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர் நூதனசாலைக்குப் போய், கீழைத்தேயக் கலையின் பேராசானாக உலகப் புகழ் பெற்றார். அவருடைய பெருமையை நாம் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் அந்தப் புகழின் முதற் படியில் எதெலின் உழைப்பும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமல்ல.

பிரிந்தபோது எதெலுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மணவிலக்கு என்பது அக்கால ஆங்கிலச் சமூகத்திலும் பெண்ணுக்குத் தலைகுனிவாகவே கருதப்பட்டது. பியானோ ஆசிரியையாகப் பழைய வேலைக்குத் திரும்பியிருக்கலாம். தறியையே அவர் தெரிந்துகொண்டார்.

தன் பெயரில் ஒரு தொழில்

புறோட் கம்டனில் இருந்தபோதே எதெல் சாயமிடவும் நெய்யவும் பழகத் தொடங்கியிருந்தார். பிரிவுக்குப் பின் தன் பிறந்த மாவட்டத்தின் கடலோரத்தில் சோண்டன் என்ற இடத்தில் வீடு கட்டினார். தறிக்கு ஒன்று, சாயத்துக்கு ஒன்று என அதில் இடம் ஒதுக்கினார். இலங்கையில் கண்டதை அப்படியே திருப்பிச் செய்ய அவர் முயலவில்லை. அங்கே பருத்தி, இங்கே ஆட்டுக் கம்பளி. அங்கே பதங்கமும் சாயவேரும். இங்கே வேலியோரச் செடிகளும் பாறையில் படர்ந்த பாசிகளும். ஊர் மண்ணில் கிடைப்பதைக் கொண்டு, ஊருக்குத் தேவையானதை, கையால் அழகாகச் செய்யலாம் என்ற பாடத்தை மட்டும் கொண்டு வந்திருந்தார்.

1913இல் பிலிப் மைரே என்பவரை மணந்தார். அஷ்பீயிடம் வரைபடக்காரராக இருந்தவர். எதெலைவிடப் பதினான்கு வயது இளையவர். இருவரும் ஷேக்ஸ்பியரின் ஊருக்கு அண்மையிலுள்ள ஷொற்றரியில் நெசவுக்கூடம் அமைத்தனர். முதலாம் உலகப் போர் வந்தது. கொள்கை காரணமாகப் போரில் சேர மறுத்த பிலிப் சிறை சென்றார். அந்தக் காலத்திலும் எதெலின் வேலை நிற்கவில்லை.

1916இல் தாவரச் சாயங்கள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. சிறிய புத்தகம், ஆனால் அதன் பயன் பெரிது. கம்பளி, பட்டு, பருத்தி, நார்த்துணி ஒவ்வொன்றையும் சாயத்துக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது, படிகாரம் முதலியவற்றைக் கொண்டு நிறத்தை எப்படிப் பிடிக்கச் செய்வது, எந்தச் செடியில் எந்த நிறம் என்பதையெல்லாம் சமையற் குறிப்புப் போல அதில் எழுதியிருந்தார். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு அரக்கு, மண்ணிறத்துக்குக் காசுக்கட்டி என்று எமது பக்கத்துப் பொருள்களும் அந்த ஆங்கிலப் புத்தகத்தில் இடம்பெற்றன. தாய் மகளுக்கும் குரு சீடனுக்கும் வாய்மொழியாகவே சொல்லிவந்த அறிவு, அணைந்துபோகாமல் அச்சில் ஏறியது. இயற்கைச் சாயத்தைத் தேடும் இன்றைய தலைமுறையினரும் அந்நூலைப் புரட்டுகின்றனர்.

அதன்பின் சசெக்ஸ் மாவட்டத்து டிச்லிங் கிராமத்தில் குடியேறினார். எழுத்துக் கலைஞர் எட்வேட் ஜோன்ஸ்ரன், சிற்பி எரிக் கில் முதலியோர் வாழ்ந்த கிராமம் அது. அங்கே கட்டிய வீட்டுக்கும் நெசவுக்கூடத்துக்கும் கோஸ்பல்ஸ் என்று பெயர். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெயரே இங்கிலாந்தில் கைத்தறிக்கு மறுபெயராக இருந்தது.

கோஸ்பல்ஸ்

கம்பளியைக் கழுவி, சிக்கெடுத்து, இராட்டினத்தில் நூற்று, கிடாரத்தில் சாயமிட்டு, தறியில் ஏற்றி, துணியாக அறுத்தெடுக்கும்வரை யாவும் அந்த ஒரு கூரையின் கீழ் நடந்தன. கிராமத்துப் பெண்கள் வேலைக்கு வந்து தொழில் பழகினர். தூர இடங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மாணவர் வந்து தங்கினர். அம்மையார் கண்டிப்பானவர். பிழையைக் கண்டால் பிரிக்கச் சொல்வார். தறியில் உட்காருமுன் இழையைக் கையால் அறியவேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. வரைந்த கோலத்துக்கு நூலைப் பணியவைப்பதல்ல, நூலின் தன்மையிலிருந்தே கோலம் பிறக்கவேண்டும் என்று கற்பித்தார்.

யப்பானின் புகழ்பெற்ற குயவர் ஹமடா ஷோஜி, ஆங்கிலக் குயவர் பேர்னாட் லீச்சுடன் 1921இல் டிச்லிங்குக்கு வந்தார். எதெலின் வீட்டில் உணவு பரிமாறிய மட்பாத்திரங்களும் நெய்த துணிகளும் அங்கு வாழ்ந்த முறையும் ஹமடாவின் மனதில் ஆழப் பதிந்தன. நகரத்தை விட்டுக் கிராமத்திலிருந்தே உயர்ந்த தொழில் செய்யலாம் என்ற துணிவு அவருக்கு வந்ததில் அந்த வருகைக்கும் பங்குண்டு. பின்னர் அவர் மஷிகோ என்ற குயவர் கிராமத்தில் நிலைகொண்டார்.

கோஸ்பல்ஸில் பழகியவர்களுள் மரியான் ஸ்ட்ரோப் என்ற பெண்ணை எமது இலண்டன் மாணவியர் அறியாமலே அறிவார்கள். சுவிற்சலாந்திலிருந்து வந்து இங்கிலாந்திலேயே தொழில் தேடிக்கொண்டவர் அவர். 1970களில் இலண்டன் பஸ்களிலும் நிலக்கீழ்ப் புகையிரதங்களிலும் இருக்கைகளை மூடியிருந்த நீலமும் பச்சையுமான துணி அவருடைய வடிவமைப்பு. அக்காலத்தில் போய் இறங்கிய எமது அக்காமார், முதல் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்தத் துணியின்மேல் இருந்துதான் போனார்கள். மருத்துவத்தை விட்டு நெசவுக்கு வந்து புகழ்பெற்ற பீற்றர் கொலிங்வூட், அம்மையாரின் இறுதிக் காலத்தில் வந்து பழகியவர்.

1930களின் நடுப்பகுதியில் பிலிப் இலண்டனில் பத்திரிகை ஆசிரியராகப் பொறுப்பேற்றார். காலப்போக்கில் இருவரின் வழியும் வேறாயிற்று. இரண்டாவது முறையும் வீட்டில் ஆள் இல்லை. தறிகள் மட்டும் ஓய்வின்றி ஓடின.

அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், கைத்தொழிலுக்கான வடிவமைப்பாளர் என்ற அரச கௌரவம் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதற் பெண் அவரே. கைத்தறி மட்டுமே நல்லது, ஆலை முழுவதும் தீது என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். கைத்தறிக்காரர் புதுப்புது நூல்களையும் நெசவுகளையும் சோதித்துப் பார்த்து ஆலைகளுக்கு வழிகாட்டலாம் என்று 1939இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 1942இல் நெசவும் கல்வியும் பற்றி இன்னொரு நூல் எழுதினார். பிறைற்றன் கலைக்கல்லூரியில் கற்பித்தார். 1952இல் தமது எண்பதாவது வயதில் டிச்லிங்கிலேயே காலமானார். அவருடைய துணிகளும் நாட்குறிப்புகளும் கடிதங்களும் இன்று பார்ன்ஹமிலுள்ள கைவினை ஆய்வு நிலையத்திலும் டிச்லிங் நூதனசாலையிலும் பேணப்படுகின்றன. இங்கிலாந்திலுள்ள எமது மாணவியர் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டிச்லிங்குக்குப் போய்வரலாம்.

எமக்கு என்ன?

எதெலின் கதையை எமது கதையோடு அப்படியே ஒப்பிட முடியாது. அவர் ஆளும் நாட்டிலிருந்து ஆளப்படும் நாட்டுக்கு வந்தவர். பணிப்பாளரின் மனைவியாக வந்தவர். எந்தக் கிராமத்துக் கதவும் அவருக்குத் திறந்தது. எமது பிள்ளைகளோ, கையில் பட்டச் சான்றிதழ் இருந்தும் அதை அங்கே மதிப்பார் இல்லாமல், முதியோர் இல்லத்திலும் தொழிற்சாலையிலும் இரவு வேலையிலிருந்து தொடங்கியவர்கள். இந்த வேறுபாட்டை மறந்து பேசினால் அது எமது சொந்த உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை.

இன்னொன்றும் உண்டு. அவருக்குக் கற்றுக்கொடுத்த தலகுனை நெசவாளரின் பெயர் என்ன? வெற்றிலைப் பை தைத்த அந்தப் பெண் யார்? கணவரின் நூலில் எதெலின் பெயர் பின்னுக்கு நின்றதென்று வருந்தும் நாம், அவருக்கும் பின்னால் நின்றவர்களை நினைக்காமல் இருக்கக்கூடாது. தறியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவருக்குக் கிடைத்த வாழ்வு, தறியோடு இங்கேயே இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. எமது ஊர்களிலும் கைத்தறி நிலையங்களில் தறியோசை கேட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தறிகளில் இருந்த பெண்களின் பெயர்களை இப்போதாவது ஆராவது எழுதிவைப்பது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகும் அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று மிஞ்சுகிறது. அவர் கணவருக்காக நாடு மாறினார். அதில் குற்றமில்லை, வெட்கமுமில்லை. ஆனால் வந்த இடத்தில் கணவரின் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடவில்லை. அந்த நாட்டு மனிதர் தம் கையால் என்ன செய்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்தார், தெரியாததைக் கேட்டார், குறித்துவைத்தார். அதனால் திருமணம் போனபோது எல்லாம் போய்விடவில்லை.

எமது மாணவியரிலும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். பனியூரில் இறங்கிப் புதுமொழி பழகித் தாதியாகியவர்கள், சமையலறையில் தொடங்கிய பலகார வேலையைக் கடையாக்கியவர்கள், ஐம்பது வயதில் மீண்டும் வகுப்பில் இருந்து கணக்காளராகியவர்கள். அவர்களுடைய வாழ்க்கையை ஒருவரும் இன்னும் எழுதவில்லை. கல்லூரியின் அடுத்த மலருக்கு அவரவரே எழுதி அனுப்பட்டும். தம் பெயரை முகப்பில் போட்டே அனுப்பட்டும்.